பாக்கி

லெ ஹாவ்ர் துறைமுகத்தில்
ஐம்பது மீட்டர் உயரத்துக் கண்ணாடிக் கூண்டில்
பகலெல்லாம் உட்கார்ந்து பெட்டி தூக்குகிறேன்.
செவ்வாய் இரவுகளில்
நகராட்சி நாடகப் பள்ளி இரண்டாம் மாடியில்
ராணி.

மகன் இறந்த சேதி கேட்கும் ராணி.
வரிக்குப் பன்னிரண்டு அசை,
ஆறாவதில் ஒரு வெட்டு,
மறுபடி ஆறு.
முதல் மாதம் தொடையில் விரல் தட்டி எண்ணினேன்.
துக்கம் வந்தால் கணக்கு தப்பியது.
கணக்கு சரியானால் துக்கம் வரவில்லை.

சேதி கொண்டுவருகிறவன் எவ்ரார்.
வரி அலுவலகத்தில் வேலை.
இந்த வரிகளையும் அப்படியே வாசித்தான்:
நிலுவை இவ்வளவு, கடைசித் தேதி இன்னது.
நானோ பாடினேன்.
ஒவ்வொரு வரியும் மேலேறிப் போய்
இயைபு வருமிடத்தில் தொப்பென்று உட்கார்ந்தது.

எங்களை நடத்துகிற யாயெல்
என்னைவிடப் பதினோரு வயது இளையவள்.
பல்வலித் தாடையைப் பிடித்தபடி சொன்னாள்:
"அழகாயிருக்கிறது, அர்மேல்.
உன் பிள்ளை செத்தது மட்டும் தெரியவில்லை."
ஆறாவதில் நிற்பது ஓய்வில்லை என்றும் சொன்னாள்.
தலையாட்டினேன். புரியவில்லை.

வியாழக்கிழமை காற்று கடலிலிருந்து.
முப்பது டன் பெட்டி பாதி வழியில்.
மஞ்சள் சட்டைக்காரன் ஒருவன்
கீழே குறுக்கே நடந்தான்.
நிறுத்தினேன்.
பெட்டி தொங்கியது.
நான் ஒன்றும் செய்யவில்லை.
செய்யாமலிருப்பதை
உடம்பு முழுவதாலும் செய்துகொண்டிருந்தேன்.

ஓ, இதுதானா ஆறாவது.

வரிக்கடைசியில் எழுதியும் ஒலிக்காத எழுத்தொன்று உண்டு,
அரை மாத்திரைகூட இல்லை.
அதுவும் அன்றே பிடிபட்டது:
பெட்டி தரை தொட்டபின்
கம்பி தளர்கிற அளவு.

பிறகு உரைநடை வந்தது.
அங்கேதான் விழுந்தேன்.

கதவோரம் கணவனின் பெட்டி தயாராயிருக்க
சலவைச் சீட்டு வாசிக்கிற மனைவி:
சட்டை ஏழு. காலர் நான்கு.
மேசைத்துணி ஒன்று, கறையோடு.
அவ்வளவுதான்.
செய்யுளில் கைப்பிடி இருந்தது,
இங்கே வெறும் படி.
என் அழுகை மொத்தத்தையும்
'கறையோடு' என்ற சொல்லில் கொட்டினேன்.
"கறையை நீ பார்க்கவே இல்லை" என்றாள் யாயெல்.
"என்ன கறை?"
"அதைத்தான் கேட்கிறேன்."
வீட்டுக்குப் போகும் டிராமில் முடிவு செய்தேன். பீட்ரூட்.
யார் சிந்தியது என்றும் முடிவு செய்தேன்.
யாரிடமும் சொல்லவில்லை.

ஜூனில் தேர்வு. மூன்று நடுவர்கள்,
ஒருவர் பாடப்பிரதியால் விசிறிக்கொண்டு.
எவ்ரார் வந்தான், மண்டியிட்டான்,
"அரசியே, உங்கள் மகன்..." என்று ஆறு அசை சொன்னான்.
நின்றான்.
மறந்துவிட்டது.

எனக்கு அவன் வரி தெரியும்.
உதடசைத்தால் போதும்.
அவன் கைகளைப் பார்த்தேன்.
மீதி ஆறும் எங்கள் இருவர் தலைக்கு மேல்
காற்றில் ஆடிக்கொண்டிருந்தன.
பிடித்துக்கொண்டிருந்தேன்.

ஒத்திகையில் வராத முகமொன்று அவனுக்கு வந்தது.
ஒரு தாயிடம் இதைச் சொல்லியாக வேண்டியவன் முகம்.
"அவர் இல்லை" என்றான்.
நான்கு அசை. பிரதியில் இல்லாதது.
விசிறி நின்றது.
என் வரி வந்தது.
எண்ணவில்லை.

நடைவழியில் காப்பி இயந்திரத்தருகே
"இரண்டு அசை பாக்கி" என்றான் எவ்ரார்,
"வட்டியோடு கட்டுகிறேன்."
அழுதிருந்தான் போல. கேட்கவில்லை.
இருபதுக்கு அவனுக்குப் பதினான்கு.
எனக்குப் பதினொன்று,
சலவைச் சீட்டுக்குக் கழித்தது போக.
பீட்ரூட்டை இன்னும் யாரும் பார்க்கவில்லை.

மறுநாள் விடிகாலை ஐந்து மணிக்குக் கூண்டேறினேன்.
"தள்ளி நில், இறக்குகிறேன்" என்றேன்
வாக்கிடாக்கியில்.
அவன் தள்ளி நின்றான்.